அறிவியல் இல்லாத ஏசிடி

வணக்கம்.

டெக்சாஸில் இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு. இங்கே கல்லூரியில் சேர எழுதும் இரண்டு தேர்வுகளில் எஸ்ஏடி கணினிக்குப் போய்ச் சுருங்கிவிட்டது, ஏசிடியில் அறிவியல் கட்டாயமில்லை, அதனால் ஏசிடிதான் சுலபம் என்கிறார்கள் நண்பர்கள். கணவரோ இப்போது எந்தத் தேர்வுமே தேவையில்லை என்கிறார். எது சரி?

கலா

அன்புள்ள கலா,

கணவர் சொல்வது கோவிட் காலத்து நிலவரம். எம்ஐடி 2022இலேயே தேர்வை மறுபடி கட்டாயமாக்கியது. ஹார்வர்ட், டார்ட்மத், பிரௌன், உங்கள் ஊர் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் எல்லாம் 2024இல் அதையே அறிவித்தன. ஆஸ்டினில் வகுப்புத் தரவரிசையால் தானாக இடம் கிடைக்கிற பிள்ளைகளும் மதிப்பெண் அனுப்பியாக வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ, அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை.

எஸ்ஏடி இப்போது 2 மணி 14 நிமிடம், 98 கேள்விகள். மொழிக்கும் கணிதத்துக்கும் இரண்டிரண்டு பகுதிகள். முதல் பகுதியைச் செய்த விதத்தைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதானது வந்துவிட்டால், அதில் எல்லாம் சரியாகப் போட்டாலும் உச்ச மதிப்பெண் எட்டாது. கணிதத்தின் முதல் 22 கேள்விகளில் அவசரப்பட்டுக் கோட்டை விடுகிறவர்கள் அடிபடுவது இங்கேதான். "ரெண்டாவது பார்ட் ரொம்ப ஈஸிம்மா" என்று மகள் வந்து சொன்னால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள்.

ஏசிடியில் அறிவியல் விருப்பப் பகுதியாகிவிட்டதில் ஒரு நஷ்டமும் உண்டு. மொத்த மதிப்பெண் இனி ஆங்கிலம், கணிதம், வாசிப்பு மூன்றின் சராசரி மட்டுமே. வாசிப்பில் சரிந்ததை அறிவியலில் ஈடுகட்டியவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. கேள்விகள் குறைந்தும் வேகம் அதிகம்தான்: ஆங்கிலத்தில் 35 நிமிடத்தில் 50 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு 42 நொடி. எஸ்ஏடி மொழிப் பகுதியில் 71 நொடி கிடைக்கும். கணிதத்தில் ஏசிடி 67, எஸ்ஏடி 95.

ஆகவே நண்பர்களைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை காலைகளில், கடிகாரம் வைத்து, இரண்டிலும் முழு மாதிரித் தேர்வு ஒவ்வொன்று எழுதட்டும். எஸ்ஏடிக்குக் கட்டாயம் அந்தத் தேர்வு நடக்கிற புளூபுக் செயலியிலேயே. காகிதத்தில் எழுதினால் பகுதி மாறுகிற விதம் தெரியாது. ஏசிடியைப் புதிய வடிவத்து மாதிரியில் எழுத வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய புத்தகத்தில் ஒவ்வொரு கணிதக் கேள்விக்கும் தேர்ந்தெடுக்க ஐந்து விடைகள் இருக்கும், இப்போது நான்குதான். பிறகு அதிகாரபூர்வ ஒப்பீட்டு அட்டவணையில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். எது தூக்கலோ அதற்கு மட்டும் தயாராகட்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பயிற்சி வகுப்பு என்பது பெரும்பாலும் காசுக்குக் கேடு. ஏசிடி என்றால், அறிவியலைக் கைவிடுமுன் அவள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் அதைக் கேட்கிறார்களா என்று பாருங்கள்.

எஸ்ஏடி என்றால், தேர்வுக்கு ஐந்து நாள் முன்பே புளூபுக்கில் தேர்வுக்கான முன்னேற்பாட்டை முடித்து நுழைவுச்சீட்டை எடுத்துவிடுங்கள். மடிக்கணினியில் முழு சார்ஜ் இருக்கட்டும். நடுவில் வைஃபை அறுந்தால் பதற வேண்டாம், தேர்வு நிற்காது. தொடங்கவும் கடைசியில் விடைகளை அனுப்பவும்தான் இணையம் வேண்டும்.