சென்னை விலைவாசிய வச்சு ஓசூர்ல டிஏ: உங்க 150 ரூபா கணக்கு சரிதானா?

ஓசூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "சார், சிப்காட்ல ஒரு சின்ன உதிரிபாக கம்பெனில வேலை பாக்கறேன். குடும்பத்தோட ஓசூர்ல வாடகை வீடு, அப்பா அம்மா பாலக்கோடு பக்கம் ஊர்ல தக்காளி போடறாங்க. இந்த ஏப்ரல்ல டிஏ 150 ரூபா தான் ஏறிச்சு. கேட்டா சென்னை இன்டெக்ஸ் 5 புள்ளி தான் ஏறியிருக்கு, புள்ளிக்கு 30 ரூபா, கணக்கு சரிதான்னு சொல்றாங்க. எங்க வீட்டு வாடகை மட்டுமே 5000ல இருந்து 6500 ஆயிடுச்சு. ஓசூர்ல இருக்கற நாங்க சென்னை விலைய ஏன் பாக்கணும்? இப்ப டிஏவே வேணாம், வருஷா வருஷம் மாச சம்பளத்துல 400 ரூபா பிக்ஸடா ஏத்தறோம், மூணு வருஷத்துக்கு கையெழுத்து போடுங்கன்னு கேக்கறாங்க. போடலாமா?"

இப்போதைக்கு போடாதீங்க. அந்த 150 ரூபா கணக்குலயே தப்பு இருக்கலாம்னு எனக்கு பலமா சந்தேகம் வருது. அது தெரியாம 400 நல்லதா கெட்டதான்னு பேசவே முடியாது.

முதல்ல ஏன் சென்னைன்னு சொல்லிடறேன். தமிழ்நாட்டுல குறைந்தபட்ச கூலிக்கு அரசு போடற அறிவிக்கையில பேசிக் ஒரு தொகை, அதுக்கு மேல பஞ்சப்படி, அதான் நீங்க சொல்ற டிஏ, தனியா இருக்கும். அந்த பஞ்சப்படிய சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணோட கட்டி வச்சிருக்காங்க, விலைவாசி எவ்வளவு ஏறிச்சுன்னு காட்டற அந்த நம்பர் தான் உங்க கம்பெனி சொல்ற இன்டெக்ஸ். நீங்க ஓசூர்ல இருந்தாலும் சரி, தர்மபுரில ஒரு ஹோட்டல்ல வேலை பாத்தாலும் சரி, சென்னை நம்பர் தான். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனியா விலை எடுத்து இன்டெக்ஸ் போடறது கிடையாது, மத்திய அரசோட லேபர் பீரோ தொழிலாளர்களுக்குன்னு போடற இன்டெக்ஸ்ல நாடு முழுக்க 88 சென்டர் தான், தமிழ்நாட்டுல சென்னை, கோயம்புத்தூர், மதுரை, சேலம்னு சில ஊர் வருது, தர்மபுரியும் ஓசூரும் அதுல இல்ல. அதனால மாநிலம் முழுக்க ஒரே அளவுகோலா சென்னைய எடுத்துக்கிட்டாங்க.

இப்ப உங்க 150 ரூபாய்க்கு வருவோம்.

லேபர் பீரோ இப்ப போடற இன்டெக்ஸ் 2016ஐ 100னு வச்சு போடறது. 2020 செப்டம்பர் மாச நம்பர்ல இருந்து தான் இது வந்துச்சு, அதுக்கு முன்னாடி 2001ஐ 100னு வச்சிருந்தாங்க, அதுக்கும் முன்னாடி 1982. ஒவ்வொரு தடவை அடிப்படை வருஷம் மாறும்போதும் நம்பர் சின்னதாயிடும். அதனால பழைய கணக்கோட சேக்கறதுக்கு லிங்கிங் ஃபேக்டர்னு ஒண்ணு குடுப்பாங்க, 2016ல இருந்து 2001க்கு போக அகில இந்திய அளவுல அது 2.88. சென்னைக்கு தனியா ஒண்ணு இருக்கு, உங்க கணக்குல அதைத்தான் போடணும், இங்க புரியறதுக்காக நான் 2.88யே வச்சுக்கறேன். இன்டெக்ஸ் 145னா பழைய கணக்குல அது 417.6. அப்ப புது கணக்குல ஒரு புள்ளி ஏறினா பழைய கணக்குல கிட்டத்தட்ட மூணு புள்ளி ஏறின மாதிரி.

உங்க தொழிலுக்கான அறிவிக்கையில "இத்தனை புள்ளிக்கு மேல ஏறற ஒவ்வொரு புள்ளிக்கும் 30 ரூபா"ன்னு இருந்தா அந்த புள்ளி எந்த அடிப்படை வருஷத்து புள்ளின்னு பாக்கணும். அது 2001 கணக்கா இருந்து, கம்பெனி 2016 கணக்குல 5 புள்ளிய எடுத்து 30ஆல பெருக்கியிருந்தா உங்களுக்கு வந்தது 150. சரியா போட்டிருந்தா 5ஐ 2.88ஆல பெருக்கி 14.4 புள்ளி, 30 ரூபா வீதம் 432 ரூபா. மாசத்துக்கு 282 ரூபா வித்தியாசம், வருஷத்துக்கு 3384.

வேணும்னே பண்றாங்கன்னு நான் சொல்லல, சின்ன கம்பெனில சம்பளம் போடறவங்க இன்டெக்ஸ் நம்பர மட்டும் நெட்ல பாத்து எடுத்துக்கிட்டு அறிவிக்கையில இருக்கற அடிப்படை வருஷத்த பாக்காம விடறது எங்க வேணாலும் நடக்கக்கூடியது தான். அவங்க சொல்ற நம்பர பாத்தே ஓரளவுக்கு தெரிஞ்சுக்கலாம், நூத்தி சில்லறைல சொன்னா அது 2016 கணக்கு, நானூறு பக்கம் சொன்னா 2001 கணக்கு. அறிவிக்கையும் அவங்க நம்பரும் ஒரே கணக்குல இருந்தா 150 சரிதான், வேற வேற கணக்குல இருந்தா தப்பு. அதனால ஹெச்ஆர் கிட்ட சண்டைக்கு போகாம ரெண்டே கேள்வி கேளுங்க: எங்க தொழிலுக்கு எந்த அரசாணைப்படி போடறீங்க, அதுல குறிப்பிட்டிருக்கற அடிப்படை வருஷம் எது? ரெண்டையும் எழுதி வாங்கிட்டா மீதிய நீங்களே கால்குலேட்டர்ல போட்டுடலாம்.

இன்னொண்ணும் இதுலயே பாத்துடுங்க. இந்த டிஏ ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 1ல இருந்து மாறணும், அதுக்கு எடுக்கறது அதுக்கு முந்தின ஜனவரில இருந்து டிசம்பர் வரைக்கும் 12 மாச சராசரி. டிசம்பர் மாச நம்பர மட்டும் எடுத்து போன டிசம்பரோட கழிச்சா அது தப்பு. இந்த சராசரி முறைல ஒரு வலியும் இருக்கு, போன வருஷம் நடுவுல ஏறின விலைக்கு இந்த ஏப்ரல்ல இருந்து அடுத்த மார்ச் வரைக்கும் காசு தர்றாங்க, ரெண்டுக்கும் நடுவுல சராசரியா 15 மாசம் இடைவெளி. அந்த 15 மாசமும் ஏறின விலைய நீங்க கைக்காசுல தான் தாங்கறீங்க. 2023 ஜூலைல தக்காளி கிலோ நூறு ரூபாய தாண்டி போச்சே, நாட்டோட சில்லறை பணவீக்கமே அந்த மாசம் 7.44 சதவீதத்துக்கு போச்சு, அந்த சூடு உங்க டிஏல வந்தது 2024 ஏப்ரல்ல, அதுவும் பன்னெண்டுல ஒரு பங்கா கரைஞ்சு.

தக்காளின்னு வந்ததால உங்க குடும்பத்த பத்தி ஒண்ணு சொல்லணும், இதுதான் எனக்கு ரொம்ப மனசுல படற விஷயம். 2025 அக்டோபர்ல சில்லறை பணவீக்கம் 0.25 சதவீதம்னு வந்துச்சு, இது தொழிலாளர் இன்டெக்ஸ் இல்ல, நாட்டுக்கே பொதுவா 2012ஐ 100னு வச்சு போட்ட வேற இன்டெக்ஸ், அந்த வரிசைலயே அதுதான் ரொம்ப குறைச்சல். ஜிஎஸ்டி குறைஞ்சது ஒரு காரணம், அதைவிட பெரிய காரணம் சாப்பாட்டு சாமான் விலை போன வருஷத்தவிட 5 சதவீதம் இறங்கினது, அதுல காய்கறி முக்கியம். இதை நம்ம பக்கத்துல இருந்து பாருங்க, தக்காளி விலை இறங்குச்சுன்னா பாலக்கோடு மார்க்கெட்லயும் ராயக்கோட்டை மண்டிலயும் உங்க அப்பாவுக்கு கிரேட்டுக்கு கிடைக்கறது குறையுது, பறிக்கற கூலியும் வண்டி வாடகையும் போக ஒண்ணும் மிஞ்சாம காய செடியிலயே விட்ட சீசன் எத்தனையோ இருக்கு. அதே தக்காளி கோயம்பேட்டுக்கு போய் சென்னைல சல்லிசா விக்கும்போது சென்னை இன்டெக்ஸ் ஏறாம நிக்குது, அதனால ஓசூர்ல மகனோட டிஏவும் ஏற மாட்டேங்குது. ஒரே வீட்டுல ரெண்டு வருமானமும் ஒரே காரணத்தால அடி வாங்குது. சென்னைல இருக்கற தொழிலாளிக்கு காய் விலை இறங்கினா அது முழுசா லாபம், உங்களுக்கு அப்படி இல்ல. இன்டெக்ஸ் தப்பு இல்ல, ஆனா அது சாமான் வாங்கற வீட்ட மட்டும் தான் பாக்கும், வெளைவிக்கற வீட்ட பாக்காது.

வாடகை விஷயத்துலயும் உங்க கோபம் நியாயம். தொழிலாளர் இன்டெக்ஸ்ல அகில இந்திய அளவுல சாப்பாட்டுக்கு 39.17 சதவீதம் வெயிட், அதாவது மொத்த கணக்குல அவ்வளவு பங்கு, வீட்டுக்கு 16.87, சென்னைக்கு அதுக்கு ஏத்த மாதிரி தனி வெயிட் இருக்கு. உங்க வீட்டுல மாசம் 18000 செலவாகுதுன்னு வைங்க, அதுல 5000 வாடகைன்னா அதுவே கிட்டத்தட்ட 28 சதவீதம். வாடகை 1500 ஏறினா மத்த எதுவும் ஏறாமலே உங்க மொத்த செலவு 8 சதவீதத்துக்கு மேல ஏறிடுச்சு. சென்னைல எல்லா வீட்டு வாடகையும் இதே மாதிரி 30 சதவீதம் ஏறியிருந்தா கூட 16.87 வெயிட்டுக்கு இன்டெக்ஸ் 5 சதவீதம் தான் ஏறும். சென்னை இன்டெக்ஸ்ல வாடகை அப்படி ஏறவும் ஏறாது. ஏன்னா வாடகைய எடுக்கறது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, குறிச்சு வச்ச அதே வீடுங்கள்ல திரும்ப போய் கேக்கறாங்க, அதுல பல வருஷமா குடியிருக்கறவங்க இருப்பாங்க, அவங்களுக்கு வீட்டுக்காரர் வருஷத்துக்கு கொஞ்சம் தான் ஏத்துவார். புதுசா வீடு தேடி அலையறவன் குடுக்கற வாடகை அதுல அவ்வளவா தெரியாது.

ஓசூர் வாடகைக்கு சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல தூரம், பெங்களூரு 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டில வாடகை ஏறினா அங்க கட்டுப்படி ஆகாதவங்க ஓசூருக்கு வர்றாங்க, இங்க புதுசா கம்பெனி வர்றப்ப வெளியூர் ஆளுங்க மொத்தமா வந்து வீடு கேக்கறாங்க, பாகலூர் ரோட்டுலயும் தளி ரோட்டுலயும் வீட்டுக்காரங்களுக்கு அதுதான் ரேட்டு. இது எதுவும் சென்னை இன்டெக்ஸ்ல வராது. அரசு பஸ் கட்டணம் 2018 ஜனவரிக்கு அப்புறம் ஏறல, ரேஷன் துவரம் பருப்பு 30 ரூபா, பாமாயில் 25 ரூபா அப்படியே நிக்குது, இதெல்லாம் இன்டெக்ஸ ஏறாம பிடிச்சு வைக்குது, உங்களுக்கும் இது உதவி தான், மறுக்கல. ஆனா வாடகைல போறத இதெல்லாம் ஈடு கட்டாது.

சரி, 400 ரூபா கையெழுத்து.

2001 கணக்குல இன்டெக்ஸ் 420 பக்கம் இருக்குன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கோங்க, புள்ளிக்கு 30 ரூபா. விலைவாசி ஒரு வருஷத்துல 2 சதவீதம் ஏறினா 8.4 புள்ளி, 252 ரூபா வரும். 4 சதவீதம்னா 504. 7 சதவீதம்னா 882. ரிசர்வ் வங்கியோட இலக்கே 4 சதவீதம் தான், அதாவது எல்லாம் நல்லா நடந்தா கூட டிஏ 400ஐ தாண்டும். விலை அடங்கி இருக்கற நேரத்துல 150ஐயும் 400ஐயும் பக்கத்துல வச்சு காட்டினா 400 பெருசா தெரியும், அதனாலதான் இந்த மாதிரி பேச்சு இப்ப வருது. மூணு வருஷத்துல ஒரே ஒரு வருஷம் விலை எகிறினா நஷ்டம் முழுக்க உங்க தலைல, கம்பெனிக்கு செலவு முன்கூட்டியே தெரிஞ்சு போச்சு.

சட்டத்துலயும் ஒரு எல்லை இருக்கு. அறிவிக்கைப்படி வர்ற பேசிக்கும் டிஏவும் சேத்த தொகைக்கு கீழ சம்பளம் குடுக்க நீங்க சம்மதிச்சு எழுதி குடுத்தாலும் அது செல்லாது, 1948 குறைந்தபட்ச கூலி சட்டத்துல அப்படி தான் இருந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்கு பதிலா அமலுக்கு வந்த கூலி சட்டத் தொகுப்புலயும் (Code on Wages) அப்படி தான். அதே சமயம் நேர்மையா ஒண்ணு சொல்லணும், உங்க சம்பளம் ஏற்கனவே அந்த மொத்த தொகைக்கு மேல இருந்தா, வேற ஒப்பந்தமோ வேலை ஆர்டர்ல டிஏ பத்தி வரியோ இல்லாத பட்சத்துல, இன்டெக்ஸ் ஏறினதுக்காக கம்பெனி தனியா ஏத்தியே ஆகணும்னு குறைந்தபட்ச கூலிய மட்டும் வச்சு கேக்க முடியாது. உங்க ஸ்லிப்ல டிஏன்னு தனி வரி இருக்கறதும் இத்தனை வருஷம் ஏப்ரல்ல ஏத்தி வந்ததும் உங்களுக்கு பலம், அதனாலதான் அந்த வரிய எடுக்க கையெழுத்து கேக்கறாங்க. பழைய ஏப்ரல், மே மாச ஸ்லிப்பெல்லாம் தேடி எடுத்து வச்சுக்கோங்க. யூனியன் இருந்தா, பழைய தொழில் தகராறு சட்டப்படி நிர்வாகத்தோட போட்ட சம்பள ஒப்பந்தம், 12(3) இல்ல 18(1)னு சொல்வாங்க, ஏதாவது இருக்கான்னு கேளுங்க. டிஏவ எடுத்துட்டு அந்த காச ஸ்பெஷல் அலவன்ஸ்னு மாத்தினா பிஎஃப் பிடிக்கறதுலயும் வேலை காட்ட பாப்பாங்க, பேசிக்கும் டிஏவும் சேந்து தான் பிஎஃப் கணக்கு.

கணக்கு தப்புன்னு உறுதியாச்சுன்னா முதல்ல கம்பெனிக்கே எழுத்துல குடுங்க, பெரும்பாலும் அதுலயே திருத்திடுவாங்க, இல்லன்னா கிருஷ்ணகிரில தொழிலாளர் துறை ஆபீஸ்ல அறிவிக்கை நகல், ஸ்லிப் ரெண்டையும் வச்சு மனு குடுக்கலாம்.

வாடகைய டிஏவுக்குள்ள போட்டு பேசாதீங்க, ஜெயிக்காது, சென்னை நம்பர காட்டி வாய அடைச்சுடுவாங்க. அது சம்பள உயர்வு பேச்சுல தனி கோரிக்கை. வீட்டு வாடகை ரசீது, சப் மீட்டர் கரண்டுக்கு வீட்டுக்காரர் போடற யூனிட் ரேட், பிள்ளைங்க ஸ்கூல் பீஸ், சிலிண்டர், இதுங்கள போன வருஷம் இதே மாசத்தோட வச்சு ஒரு தாள்ல எழுதுங்க, போன மாசத்தோட ஒப்பிட்டா சீசன் குழப்பிடும். பத்து பேர் வீட்டு தாள் சேந்தா ஓசூர் விலைக்கு அதைவிட நல்ல சான்று நிர்வாகத்துகிட்டயும் இருக்காது. அதை வச்சு வீட்டு வாடகைப்படின்னு தனியா கேளுங்க.

அப்புறமும் கம்பெனி பிக்ஸடா தர்றதுல பிடிவாதமா நின்னா, நீங்க கேக்க வேண்டிய வரி இது, இப்படியே எழுத சொல்லுங்க: "ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் மாதம் 400 ரூபாய் அல்லது அரசு அறிவிக்கைப்படி சென்னை நகர விலைக் குறியீட்டு எண் உயர்வுக்கு வரும் தொகை, இதில் எது அதிகமோ அது வழங்கப்படும்." இந்த வரியோட வந்தா, அந்த 150 ரூபா கணக்குல குறைவா குடுத்த பாக்கி ஏதாவது இருந்தா அதை தீத்த பிறகு, தாராளமா கையெழுத்து போடுங்க.