புதுப் பேடு போடும் முன் பழைய பேடைப் பாருங்கள்

கேள்வி: ஜல்லி குவாரியில் ஓடும் பத்துச் சக்கர டிப்பர் வைத்திருக்கிறேன். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேகத்தடையில் பின்பக்கம் ‘டம் டம்’ என்று இடிக்கிறது. லோடோடு போனால் சத்தமே இல்லை. வலது பக்கம் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) முனை உட்காரும் பேடு தேய்ந்துவிட்டது, அதன் மேலேயே ஒரு தகட்டை வெல்டு வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?
– டிப்பர் உரிமையாளர், நாமக்கல் மாவட்டம்

வெல்டு வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் வேண்டாம். ஆனால் இந்த இரண்டையும் விட, அந்தப் பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியின் பின்பக்கப் பட்டைக் கட்டு நடுவில் ட்ரனியன் (இரண்டு பின் ஆக்சிலுக்கும் இடையில் பட்டைக் கட்டைத் தாங்கி அசையவிடும் தண்டு) மேல் யூ போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். இரண்டு முனைகளுக்கும் கண் (பின் மாட்டும் வளையம்) கிடையாது. ஒன்று நடு ஆக்சில் பிராக்கெட்டிலும் மற்றது கடைசி ஆக்சில் பிராக்கெட்டிலும் சும்மா உட்கார்ந்திருக்கும். லோடு ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீளும், முனை பேடு மேல் வழுக்கும். பள்ளத்துக்குப் பள்ளம் இது நடக்கிறது. பட்டையும் பிராக்கெட்டும் தேயாமல் இருக்க, தேய்வதற்கென்றே வைத்த பொருள்தான் பேடு.

2018-இல் திருத்திய விதிப்படி இரட்டை ஆக்சிலுக்கு அனுமதி 21 டன். ஆக்சில், சக்கரத்தின் சொந்த எடையைக் கழித்தாலும் முழு லோடில் ஒவ்வொரு முனையையும் நான்கு டன்னுக்கு மேல் அமுக்குகிறது. அந்தப் பாரத்தில் முனை பேடை விட்டு எழும்பாது, அதனால் சத்தம் இல்லை. காலி வண்டியில் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் முனைக்கும் பேடுக்கும் இடையில் இடைவெளி விழுந்து, மறுபடி வந்து இடிக்கும். பேடு தேயத் தேய அந்த இடைவெளி கூடும்.

சரி, பழைய பேடைக் கழற்றியதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான்கையும் எந்த இடத்தில் இருந்தது என்று சாக்பீஸில் எழுதி வரிசையாக வையுங்கள். நான்கும் ஒரே அளவு, தட்டையாகத் தேய்ந்திருந்தால் வயசுதான் காரணம். ஒரு ஓரம் மட்டும் சரிந்து தேய்ந்திருந்தால் பட்டைக் கட்டு சாய்ந்து உட்காருகிறது. யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, ட்ரனியன் புஷ் போய்விட்டதா என்று பாருங்கள். உங்களுக்கு நடந்ததுபோல் ஒரு பக்கம் மட்டும் அதிகம் என்றால் என் முதல் சந்தேகம் டார்க் ராடு முனையில் இருக்கும் ரப்பர் புஷ் மேல்தான் போகும். ஆக்சிலை முன்னே பின்னே நகராமல் பிடிப்பது டார்க் ராடு, பட்டை அல்ல. அந்த ரப்பர் செத்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆக்சில் அசைந்து பேடை அறுக்கும். ராடின் ஓரத்தில் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள். லேசாகக் கொடுப்பது ரப்பரின் இயல்பு. கடகடவென்று ஆடினால் புஷ் போயிற்று. அப்புறம் டேப் எடுத்து, நடு ஆக்சில் ஹப் மையத்திலிருந்து கடைசி ஆக்சில் ஹப் மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மூன்று மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆக்சில் கோணல். டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டிருக்கும். காரணத்தை விட்டுவிட்டுப் பேடை மட்டும் மாற்றினால் அதே மூலையில் புதுசும் சீக்கிரமே போகும்.

வெல்டு ஏன் கூடாது? சாதா இரும்புத் தகடு மெத்து, சீக்கிரம் குழி விழும். பழைய பட்டையில் வெட்டிய துண்டைப் போடுபவர்களும் உண்டு. அது பட்டைக்குச் சமமான கடினம் என்பதால் பேடு மேல் உட்காரும் மெயின் பிளேட்டின் முனையையே தின்ன ஆரம்பிக்கும். நூறில் முடிய வேண்டியதை ஆயிரத்தில் கொண்டுபோய் விடுகிற வேலை. பிராக்கெட் வார்ப்பாக இருந்தால் வெல்டு ஓரத்திலேயே கீறல் விடும். வெல்டு பொறி பட்டையில் தெறித்த இடம் கூட பின்னால் முறிவுக்கு ஆரம்பப் புள்ளியாகும். பட்டை இரும்பைப் பக்குவப்படுத்தியது சூடுதான், கெடுப்பதும் சூடுதான். இதற்கு மேல் பிஎஸ்-6 வண்டி என்றால், பேட்டரி வயரைக் கழற்றாமல் எங்கே வெல்டு வைத்தாலும் கன்ட்ரோல் யூனிட் தாங்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மாற்றும் வேலை பெரிதல்ல, பாரம்தான் பெரிது. லோடை முழுவதும் இறக்கி, பாடியைக் கீழே படுக்கவைத்து, கான்கிரீட் தரையில் நிறுத்துங்கள். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பட்டை முனை துள்ளி வெளியே வராமல் பிடிக்கும் ரீபவுண்ட் பின்னைக் கழற்றுங்கள். சக்கரம் தரையிலேயே இருக்கட்டும், சேஸிஸை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. பேடு உருவ வேண்டிய அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும். அதற்கு மேல் போனால் டார்க் ராடு புஷ்ஷும் பிரேக் ஹோஸும் இழுபடும். யூ போல்ட்டைத் தொடவே வேண்டாம். வேறு காரணத்துக்காகக் கழற்றினால் புது யூ போல்ட் போடுங்கள். ஒருமுறை முழு டார்க்கில் (இறுக்கும் விசையில்) இழுத்தது நீண்டிருக்கும். பேடு இடைவெளியில் விரலை விடாதீர்கள், கம்பியால் தள்ளி எடுங்கள்.

பேடு உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். குழி இருந்தால் புதுப் பேடு ஆடி உடையும்; அப்போது பிராக்கெட்டையும் மாற்ற வேண்டியதுதான். பட்டை முனையில் நகம் மாட்டுகிற அளவு படி விழுந்திருந்தால் அந்தப் பிளேட்டும் போகட்டும். பேடைப் பிடிக்கும் போல்ட் பழையதன் அதே கிரேடில் இருக்கட்டும். தலை பேடு மட்டத்துக்குக் கீழே இறங்க வேண்டும், இல்லையென்றால் பட்டை அதன் மேல்தான் ஓடும். குவாரி வண்டிக்கு நான் கிரீஸ் தடவச் சொல்ல மாட்டேன். கல் தூசியோடு சேர்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி. உங்கள் வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

ஒரே ஆக்சிலில் இடமும் வலமும் ஜோடியாக மாற்றுங்கள். நான்கும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் நான்கையும். முதல் லோடு இறக்கி வந்ததும் பேடு போல்ட்டையும் ரீபவுண்ட் பின்னையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். காலியாக அதே வேகத்தடையில் ஏற்றியும் பாருங்கள். அப்போதும் இடித்தால் பேடை விட்டுவிட்டு ட்ரனியன் புஷ்ஷுக்குப் போங்கள்.