மீந்த தாளில் ஒரு டைரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிள்ளைகளின் பழைய நோட்டுகளில் கடைசிப் பக்கங்கள் நிறைய எழுதாமலே கிடக்கின்றன. டைரி தைக்கலாம் என்று கிழித்தால் எல்லாம் ஒற்றைத் தாளாக வருகிறது, பசை போட்டு ஒட்டினாலும் விரித்ததும் உதிர்கிறது. என்ன செய்வது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நடுவில் பின் அடித்த நோட்டில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே விரிதாளின் இரண்டு பாதிகள். பின்னால் வெறுமையாக இருந்தாலும் அதன் ஜோடியில் பிள்ளை எழுதியிருக்கும், அதனால்தான் ஒற்றையாக வருகிறது. இனிமேல் கிழிப்பதற்கு முன் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாதிக்கும் குறைவாக எழுதிய நோட்டு என்றால் நடுவில் முழு விரிதாள்களே கிடைக்கும், பின்னை நிமிர்த்தி அப்படியே உருவி எடுத்துவிடலாம்.

சரி, ஏற்கெனவே கிழித்த ஒற்றைத் தாள்களை குறுக்கே பாதியாக மடியுங்கள். டைரி சின்னதாகும், கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்கும், அதனால் கோடு போடாத தாளுக்கும் கணக்கு நோட்டின் கட்டத் தாளுக்கும்தான் இது பொருத்தம். கோடு போட்ட தாள் என்றால், இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு அங்குல அகலத்துக்கு மெல்லிய தாள் பட்டை ஒட்டி விரிதாளாக்கிக்கொள்ளுங்கள். வேலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் எழுத வசதி.

நாலைந்து விரிதாளை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒரு பாரம். அதற்கு மேல் போனால் உள்தாள்கள் வெளியே துருத்தும். மடிப்பில் மூன்று ஓட்டை, குத்தூசியால், உள்ளேயிருந்து வெளியே குத்துங்கள். கெட்டியான பருத்தி நூலை மெழுகுவத்தியில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டால் சிக்காது, தாளையும் அறுக்காது. நடு ஓட்டையில் உள்ளிருந்து வெளியே, மேல் ஓட்டையில் உள்ளே, நடுவைத் தாண்டி நேராகக் கீழ் ஓட்டையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே. இரண்டு நுனியும் உள்ளே ஓடும் நீள நூலுக்கு இரு பக்கமும் வரும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். பல பாரம் இருந்தால் ஃபைல் அட்டையின் முதுகில் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை ஓட்டை போட்டு, அட்டையோடு சேர்த்தே தைத்துவிடலாம். வரிசைகள் நெருக்கமாக வருவதால் அட்டை கிழியும், அதனால் முதலிலேயே முதுகின் உட்புறம் பழைய வேட்டித் துணியை ஒட்டுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை பார்க்க அழகுதான், ஆனால் மடித்த இடத்தில் வெடித்துவிடும்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த ஏ4 தாள்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. வீணாகப் போடத்தான் வேண்டுமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். அச்சு உள்ளே போகும்படி பாதியாக மடித்து, மடிப்பு வெளி ஓரத்திலும் திறந்த பக்கம் முதுகிலும் வரும்படி அடுக்கித் தையுங்கள். சீனா, ஜப்பானின் பழைய புத்தகங்கள் இப்படிக் கட்டப்பட்டவைதான். முதுகிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி மேலிருந்து கீழே ஊடுருவித் தைக்க வேண்டும், அந்த அளவுக்கு ஓரத்தில் எழுத முடியாது, புத்தகமும் முழுசாக விரியாது. பேர், முகவரி, கணக்கு விவரம் உள்ள தாளை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மைதா பசை போட்டால் பூச்சி அரிக்கிறதே, அட்டையும் வளைகிறதே?
- வாசகி, ஈரோடு

பதில்: பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது பைண்டிங் கடைக்காரர்களின் பழைய வழக்கம். அது விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது. காலண்டர் அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் அந்தப் பக்கமாக இழுத்து வளையும், அதனால் உள்பக்கமும் ஒட்டிவிட்டு, கனமான எதையாவது மேலே வைத்து ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள்.