கூத்துப் பழகுவதும் ஆய்வுதானா?

வணக்கம் அண்ணா. நான் கனடாவில், ஸ்காபரோவில் வளர்ந்தவள். என் அம்மப்பா இலங்கையின் மட்டக்களப்பில் வடமோடிக் கூத்து ஆடியவர். கூத்துப் பாட்டுகள் எழுதிய அவருடைய கொப்பி 1978 சூறாவளியில் போய்விட்டது. அவரோடு ஆடியவர்களுடன் சேர்ந்து அந்தக் கூத்தைத் திரும்ப ஆடிப் பார்ப்பதையே முதுகலை ஆய்வாகச் செய்ய நினைக்கிறேன். "பேட்டி எடுத்தால் போதுமே, ஆடுவது எப்படி ஆய்வாகும்?" என்கிறார் மேற்பார்வையாளர். என்ன சொல்லட்டும்?
- ம.

அன்புள்ள ம.,

ஆகும் தங்கச்சி. கூத்தில் பேட்டிக்குப் பிடிபடுவது கொஞ்சம்தான்.

ஒருமுறை கூத்துப் பழக்கும் ஆசானான வயதான அண்ணாவியார் ஒருவர் முன்னால் ரெக்கார்டரை வைத்து, பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டு ஒன்றைக் கேட்டேன். "மறந்துபோச்சு தம்பி" என்றார். இரண்டு நாள் கழித்துக் கோயில் வளவில் பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்தார்கள். மத்தளம் விழுந்ததும் அதே பாட்டு அவர் வாயிலிருந்து வந்தது. எழும்பி நாலு அடி ஆடியும் காட்டினார். பக்கத்தில் இருந்த இன்னொரு பெரியவர், "அங்க இல்ல, இஞ்சால திரும்பவேணும்" என்று மறித்தார். அரை மணி நேரம் வாக்குவாதம். எந்த ஊர் அண்ணாவியார் வந்து பழக்கினார், யார் வீட்டில் தங்கினார், கரப்புடுப்பு என்ற விரிந்த வேட உடையைக் கட்டியது யார் எல்லாம் அந்தச் சண்டையில்தான் வெளியே வந்தன. என் கேள்வித்தாளில் இதில் ஒன்றுகூட இல்லை.

மேற்பார்வையாளருக்குக் காட்ட முன்மாதிரியும் உண்டு. பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் 'கர்ணன் போர்' மூலம் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். பெரிய பணி அது. ஆனால் எதை வெட்டுவது, எதை வைப்பது என்ற முடிவு பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. பிறகு 2000களில் நாடக ஆய்வாளர் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனை மக்களோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கத்தில் அந்த முடிவு ஊருக்குத் திரும்பியது. கூத்தில் பெண்ணை எப்படிக் காட்டுகிறோம், சாதியை எப்படிக் காட்டுகிறோம் என்று ஆடுகிறவர்களே பேசிப் பேசி மாற்றினார்கள். அந்தப் பேச்சுத்தான் ஆய்வு.

இரண்டு கிழமை லீவில் மட்டும் போகாதீர்கள். ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுக்கும் 'சட்டம் கொடுப்பதில்' தொடங்கி, சதங்கை அணிந்து, முழுக் கூத்தையும் ஒத்திகையாக 'அடுக்குப் பார்த்து', அரங்கேற்றம் வர மாதங்கள் ஆகும். சின்னப் பாத்திரம் ஒன்றாவது கேளுங்கள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி வந்த மரபு அது; நீங்கள் ஆடலாமா என்று முதலில் அண்ணாவியாரிடம் கேளுங்கள். ஊர் சொல்லும் பதிலையும் எழுதி வையுங்கள். அம்மப்பா ஆடிய அதே கூத்து கிடைக்கவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் பதியுங்கள், எது சரி என்று நீங்கள் தீர்க்காதீர்கள்.

அப்புறம் ஒன்று, இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் பல்கலைக்கழகத்தில் கொடுக்காதீர்கள். திரும்பச் சேர்ந்த பாட்டுகளைக் கொப்பியில் எழுதி அண்ணாவியார் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகுதான் ஊரில் பழகத் தொடங்குவார்கள். டிக்கெட்டை அதைப் பார்த்துப் போடுங்கள்.