ஊராங் இண்டியன்ஸ்: நாய் விற்க வந்த ஃபுட்பால் டீம் (கேள்வி பதில்)

1922, 1923 என்று இரண்டே வருடம் அமெரிக்காவின் என்எஃப்எல் லீகில் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) ஆடிவிட்டுக் காணாமல் போன ஊராங் இண்டியன்ஸ் பற்றிப் போன வாரம் போகிறபோக்கில் ஒரு வரி சொன்னேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெஞ்ச் பிளேயர்: இண்டியன்ஸ் என்றால் நம்ம ஆட்களா அண்ணா? ஊராங் எங்கே இருக்கிறது?

இல்லை தம்பி, இது கொலம்பஸ் செய்துவைத்த குழப்பம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் செவ்விந்தியர் என்று படித்தோமே, அந்த அமெரிக்கப் பூர்வகுடிகள்தான். டீமில் ஆடிய அத்தனை பேரும் பூர்வகுடிகள்.

ஊராங் என்பது ஊரே கிடையாது. அது ஒரு நாய்ப்பண்ணையின் பெயர். ஓஹையோ மாநிலத்தில் லரூ என்று ஒரு குட்டி ஊர், ஆயிரம் பேர்கூட இல்லை. இன்றுவரை என்எஃப்எல் டீம் வைத்திருந்த ஊர்களிலேயே சின்னது அதுதான். அங்கே வால்டர் லிங்கோ என்பவர் ஏர்டேல் டெரியர் நாய்களை வளர்த்து, தபால் ஆர்டரில் நாடு முழுக்க விற்றுக்கொண்டிருந்தார்.

கணக்குப்பிள்ளை: நாய் வியாபாரிக்கு ஃபுட்பால் டீம் எதற்கு சார்? கட்டுப்படியாகுமா?

உங்கள் பெயருக்கேற்ற கேள்வி. அப்போது லீகில் ஒரு டீமுக்கு இடம் வாங்க 100 டாலர். லிங்கோவின் நல்ல நாய் ஒன்றின் விலை 150 டாலர். ஒரு நாயை விற்றால் டீமும் வந்துவிடும், கையில் 50 டாலர் மிச்சமும் இருக்கும். நூறு வருடம் கழித்து, 2023இல், வாஷிங்டன் டீம் 605 கோடி டாலருக்குக் கைமாறியது. எந்த நாயை விற்று அதை வாங்குவது!

லிங்கோவுக்கு டீம் ஒரு நடமாடும் விளம்பரம், அவ்வளவுதான். ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும், கூடும் கூட்டத்துக்கு நாய்களைக் காட்ட வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். கூட்டத்தை இழுக்க ஒரு பெரிய பெயர் வேண்டுமே, அதற்குத்தான் ஜிம் தார்ப்பைப் பிடித்தார். வாரம் 500 டாலர் சம்பளம். கோச், ஆட்டக்காரர், அதோடு நாய்ப்பண்ணை மேற்பார்வை, எல்லாம் அவர் தலையில்.

மலர்விழி: ஜிம் தார்ப் அவ்வளவு பெரிய ஆளா? கேள்விப்பட்டதே இல்லை.

பெரிய ஆள்தான் அம்மா. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டி சேர்ந்தது), டெக்கத்லான் (பத்து போட்டி சேர்ந்தது) இரண்டிலும் தங்கம். அதற்கு முன்பு ஏதோ சின்ன லீகில் சொற்பக் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்று சொல்லி, மறு வருடமே பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள். 1953இல் அவர் இறந்து, அதற்கும் 29 வருடம் கழித்து 1982இல்தான் திருப்பித் தர முடிவெடுத்தார்கள். அப்போதும் கூட்டு வெற்றியாளர் என்றுதான். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஒப்புக்கொள்ள 2022 ஆகிவிட்டது. 1920இல் இந்த லீக் தொடங்கியபோது முதல் தலைவராக உட்கார வைத்ததும் இவரைத்தான், பெயருக்காக.

ஆனால் ஊராங்குக்கு வந்தபோது முப்பத்தைந்தைத் தொட்டிருந்தார். ஓட்டம் குறைந்துவிட்டது. 1922இல் பல ஆட்டங்களில் அவர் அதிகம் இறங்கவே இல்லை.

ஸ்கோர்போர்டு: 1923 ரிசல்ட் முழுசா கிடைக்குமா?

கிடைக்கும். 11 ஆட்டம், ஒரு வெற்றி, 10 தோல்வி. ஊராங்கின் புள்ளியை முதலில் போடுகிறேன். மில்வாக்கியிடம் 2–13, டொலிடோவிடம் 0–7, மினியாபொலிஸ் 0–23, பஃபலோ 0–57, கிளீவ்லாண்ட் 0–27, சிகாகோ பேர்ஸ் 0–26, கேன்டன் 0–41, செயின்ட் லூயிஸ் 7–14, கொலம்பஸ் 3–27, சிகாகோ கார்டினல்ஸ் 19–22. லூயிவில்லிடம் மட்டும் 19–0 என்று ஜெயித்தார்கள்.

கூட்டிப் பார்த்தால் எடுத்தது 50, கொடுத்தது 257. ஆறு ஆட்டத்தில் முட்டை. இதற்கு முந்தின வருடம் இவ்வளவு மோசமில்லை, மூன்று வெற்றி, ஆறு தோல்வி. அதிலும் ஆக்ரனிடம் 0–62 என்று ஒரு நாள் உண்டு.

கோணவாய்: பெரிய ஸ்டாரை வைத்துக்கொண்டு ஏன் இப்படி உதை வாங்கினார்கள்?

இதைத்தான் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அவர்களுக்குச் சொந்த மைதானம் கிடையாது. லரூவில் ஃபுட்பால் மைதானமே இல்லை. இரண்டு வருடத்தில் ஆடிய 20 லீக் ஆட்டங்களில், ஒன்றே ஒன்றுதான் பக்கத்து மேரியன் நகரில் ‘உள்ளூர்’ ஆட்டமாக நடந்தது. (மேரியன், அப்போதைய அதிபர் ஹார்டிங்கின் ஊர். வெள்ளை மாளிகையில் அவர் வளர்த்ததும் ஓர் ஏர்டேல்தான். அந்த இனத்துக்கு அப்போது அப்படி ஒரு மவுசு.) மற்றதெல்லாம் ரயிலேறிப் போய், அடுத்தவன் ஊரில், அடுத்தவன் கூட்டத்துக்கு முன்னால்.

அப்புறம் பயிற்சி. வார நாட்களில் இவர்களுக்கு நாய்ப்பண்ணையில் வேலை இருந்தது. நாய்களைப் பழக்குவது, ஓடவிடுவது. கேன்டன் மாதிரி டீம்கள் தங்கள் ஆட்டத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிய காலம் அது. அந்த 1923இல் கேன்டன் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்றது. அவர்களோடு போய் மோதினால் 0–41 வராமல் என்ன வரும்?

தார்ப்பையும் சொல்லத்தான் வேண்டும். ஆட்டக்காரராக அவருக்கு ஈடு இல்லை. கோச்சாக அவரிடம் கண்டிப்பு இல்லை. தனக்கு இயல்பாக வந்ததை மற்றவருக்குச் சொல்லித்தரும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. டீமில் வயதானவர்களும் அதிகம். பத்து வருடம் முன்பு கார்லைல் என்ற பூர்வகுடிப் பள்ளியில் அவரோடு ஆடிய தோழர்களையே கூட்டிவந்திருந்தார்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று உண்டு. இடைவேளையில் மற்ற டீம்காரர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். ஊராங்காரர்கள் அப்போதுதான் வேலையே தொடங்குவார்கள்.

டீ பிரேக்: அப்படி என்ன செய்தார்கள் இடைவேளையில்?

முதலில் நாய்கள். மோப்பம் பிடிப்பது, சுட்டு விழுத்தியதைக் கவ்வி வருவது, உயிருள்ள கரடியைத் துரத்தி மரத்தில் ஏற்றுவது. அப்புறம் ஆட்டக்காரர்களே இறங்கிக் கோடாலி வீசுவது, கத்தி எறிவது, சுருக்குக் கயிறு சுழற்றுவது, நடனம். முதல் உலகப் போர்க் காட்சி ஒன்றும் நடிப்பார்கள். பூர்வகுடி ஒற்றர்கள் ஜெர்மானியரோடு சண்டை போட, ஏர்டேல் நாய்கள் செஞ்சிலுவைப் பை சுமந்து காயம்பட்டவர்களிடம் ஓடும். நிக்கோலஸ் லாஸா என்ற ஆட்டக்காரர் கரடியோடு மல்யுத்தம் செய்வார். விளம்பரத்தில் அவர் பெயர் ‘நெடுந்தூக்கம்’, காலையில் எழுப்ப முடியாத ஆசாமி என்பதால். தார்ப் நடுமைதானத்தில் நின்று ஒரு பக்கக் கம்பத்துக்கு மேலாகப் பந்தை உதைத்து, திரும்பி நின்று மறுபக்கமும் உதைத்துக் காட்டுவதும் உண்டு.

கரடியோடு கட்டிப்புரண்டுவிட்டு, மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல், இரண்டாம் பாதியில் எதிரணிக்காரனோடு கட்டிப்புரள வேண்டும். நம்மால் ஆகுமா? இன்று என்எஃப்எல் இறுதி ஆட்டத்தின் இடைவேளைக் கச்சேரியை உலகமே பார்க்கிறது. அந்த வழக்கத்துக்கு இந்த நாய்க்காட்சியையே தாத்தா என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.

வலதுகால்: 98 யார்டு ஓட்டம் என்று ஒன்று படித்தேன். அது இந்த டீமா?

இந்த டீமேதான், ஆனால் அடி வாங்கிய பக்கம். 1923 நவம்பர் 4, சிகாகோ, பேர்ஸுக்கு எதிரான ஆட்டம். மழை, தரையெல்லாம் சகதி. ஊராங் எப்படியோ தள்ளிக்கொண்டு எதிரணியின் கோட்டுக்கு இரண்டு யார்டு வரை போய்விட்டது. பந்து தார்ப் கையில். இடித்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்க்கிறார், பந்து நழுவுகிறது. அதைக் கவ்வியவர் ஜார்ஜ் ஹாலஸ். பேர்ஸின் உரிமையாளர், கோச், ஆட்டக்காரர் மூன்றும் அவரே.

மைதானத்தின் நீளமே 100 யார்டு. கிட்டத்தட்ட ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓட வேண்டும். ஹாலஸ் ஓடுகிறார், பின்னால் ஒலிம்பிக் தங்கம் துரத்துகிறது. நேராக ஓடினால் பிடித்துவிடுவார் என்று வளைந்து வளைந்து ஓடினாராம். கடைசியில் தார்ப் பாய்ந்து பிடித்தபோது ஹாலஸ் கோட்டுக்குள் விழுந்தாயிற்று. எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்து ஓடிய தூரத்தில் அது சாதனை, 49 வருடம் நின்றது. 1972இல் ஜாக் டேட்டம் 104 யார்டு ஓடித்தான் முறியடித்தார்.

இரண்டு யார்டு முன்னால் போயிருந்தால் ஊராங்குக்கு டச் டவுன், அதாவது கோட்டைத் தாண்டியதற்குப் புள்ளி. அந்த வருடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

பூவரசு: கோடாலி வீச வைத்து, கரடியோடு சண்டை போட வைத்து… இது அவமானம் இல்லையா? அவர்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

நியாயமான கேள்வி. இவர்களில் பலர் பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல் பள்ளியில் படித்தவர்கள். 1879 முதல் 1918 வரை நடந்த அரசு விடுதிப் பள்ளி அது. குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய், முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்து, ‘வெள்ளையராக’ மாற்றப் பார்த்த இடம். அங்கே படித்து வந்தவர்களுக்கு இங்கே இறகு சூட்டி, காட்டுவாசி வேஷம் போடச் சொன்னார்கள். முதலில் அதைக் கழற்று, பிறகு அதையே மாட்டு என்று.

ஆனால் அவர்களை வெறும் பாவப்பட்டவர்களாக நினைத்துவிடாதீர்கள். லியோன் பௌட்வெல் என்ற ஆட்டக்காரர் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னதன் சாரம் இது: வெள்ளைக்காரர்கள் எங்களைக் காட்டுமிராண்டி என்று நினைத்தார்கள், எங்களில் பெரும்பாலோர் கல்லூரிப் படிப்புப் படித்தவர்கள். சரி, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும், கூத்தடிக்க நல்ல சாக்கு என்று விட்டுவிட்டோம்.

ராத்திரி ரவுண்டு: குடித்துவிட்டு ஆடுவார்கள் என்கிறார்களே?

கதைகள் நிறைய. சிகாகோவில் கடையை மூடப் பார்த்த மதுக்கடைக்காரரை டெலிபோன் கூண்டில் தலைகீழாகத் திணித்துவிட்டு விடிய விடியக் குடித்தார்கள் என்பது ஒன்று. செயின்ட் லூயிஸில், எதிர்த்திசையில் போகும் டிராமைத் தூக்கித் தங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள் என்பது இன்னொன்று. சொல்லச் சொல்ல வளர்ந்த கதைகள் இவை. டிராமையா தூக்கினார்கள்! தோல்விக்கெல்லாம் குடிதான் காரணம் என்று முடித்துவிடுவது சுலபம். நான் பயணத்தையும் நாய் வேலையையும்தான் முதலில் வைப்பேன்.

பெஞ்ச் பிளேயர்: கடைசி இடமா அண்ணா அப்போ?

அதுவும் இல்லை! 20 டீமில் 18ஆம் இடம். ரோசெஸ்டர் நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் தோற்றது, லூயிவில் மூன்றிலும் தோற்றது. ஊராங்கின் அந்த ஒரு வெற்றியே இந்த லூயிவில்லின் கணக்கில் வந்ததுதான்.

கணக்குப்பிள்ளை: அப்புறம் டீம் என்ன ஆனது?

புதுசு தீர்ந்ததும் கூட்டம் குறைந்தது. கூட்டம் குறைந்தால் விளம்பரம் எப்படி? லிங்கோ 1923 முடிந்ததும் கையைக் கழுவிவிட்டார். தார்ப்பும், அவரோடு ஊராங்கில் ஆடிய ஜோ கையானும் ராக் ஐலண்ட் டீமுக்குப் போனார்கள். கையான் 1927இல் நியூயார்க் ஜயன்ட்ஸுடன் பட்டமும் வென்றார். இந்த 1–10 டீமில் ஆடிய இருவர், தார்ப் 1963இலும் கையான் 1966இலும், ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்கள்.

மலர்விழி: கடைசியாக ஒன்று. நாய் விற்றதா?

நன்றாகவே விற்றது. டீமை மூடிய பிறகும் பண்ணையை அவர் மூடவில்லை.