'பாஸ்டில்' என்பது ஊர்ப் பெயரா, சிறையின் பெயரா?

முதலில் அது பொதுப்பெயர்: பழைய பிரெஞ்சில் சிறு கோட்டை என்று பொருள். பாரிஸின் கிழக்கு வாயிலைக் காக்க 1370இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு அதுவே பெயராக நிலைத்தது, சிறையானது பின்னர்தான்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 ஜூலை 14இல், மக்கள் அதைக் கைப்பற்றியபோது உள்ளே 7 கைதிகளே இருந்தனர். கூட்டம் தேடி வந்தது வெடிமருந்தை. ஆனால் விசாரணையின்றி ஆளைச் சிறையிலடைக்கும் அரச ஆணைகளின் அடையாளம் அது. பெயரின் கனம் அங்கிருந்து வருகிறது. கோட்டையை இடித்துவிட்டார்கள். இன்று பெயர் குறிப்பது சதுக்கத்தையும் மெட்ரோ நிலையத்தையும்.

பிரெஞ்சு உச்சரிப்பு 'பாஸ்தீய்', இறுதியில் 'ல்' ஒலிக்காது. ஜூலை 14ஐ 'பாஸ்டில் தினம்' என்பது ஆங்கில வழக்கு. புதுச்சேரியிலும் கொண்டாடப்படும் அந்நாளைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஜூலை 14' அல்லது 'தேசிய விழா' என்றே சொல்வார்கள். மொழிபெயர்க்கும்போது இதைக் கவனியுங்கள்.