வாசகர் கேள்வி - பதில்: குளத்துப் பொடிமீன்களை அழிக்கலாமா?

கேள்வி: எங்கள் கிராமப் பொதுக்குளத்தில் கெண்டைக் குஞ்சுகள் விட இருக்கிறோம். அதற்கு முன் குளத்திலுள்ள பொடிமீன்களை மருந்திட்டு அடியோடு அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை தீனியில் பங்குபோட்டுப் பெரிய மீன்களை வளரவிடாது என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். குளத்தால் வருமானமும் வர வேண்டும், பிள்ளைகளுக்குச் சத்தும் கிடைக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: மருந்திட வேண்டாம். குஞ்சுகளை விழுங்கும் விரால் போன்ற மீன்களை அகற்ற வேண்டும் என்பது உண்மை. அதைக் குளம் வற்றும் பருவத்திலோ, பலமுறை வலை இழுத்தோ செய்துகொள்ளலாம். ஆனால், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வாழும் பொடிமீன்களையும் அவற்றோடு சேர்த்துக் களைமீன் என்று ஒதுக்குவது பெரும் பிழை.

வங்கதேசத்தில் மோலா என்னும் பொடிமீனைக் கெண்டைகளோடு ஒரே குளத்தில் வளர்த்துப் பார்த்தபோது, கெண்டை விளைச்சல் குறையவில்லை. மோலா கூடுதலாகக் கிடைத்தது. இத்தகைய ஆய்வுகளை முன்னெடுத்த சகுந்தலா தில்ஸ்டட்டுக்கு 2021இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. மோலாவில் வைட்டமின் ஏ கெண்டையில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். அதன் பெரும்பகுதி கண்ணிலும் குடலிலும் இருப்பதால், தலையை நறுக்கி எறிந்துவிட்டுச் சமைத்தால் சத்தையும் எறிந்தவர்களாவோம். பெரிய மீனின் முள் தட்டின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. பொடிமீனை முள்ளோடு மென்று தின்பதால் அதன் சுண்ணாம்புச்சத்து உடலில் சேர்கிறது.

மீன் விற்ற பணம் அப்படியே பிள்ளைகளின் உணவாக மாறிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. கடனும் அவசரச் செலவும் அதை முதலில் எடுத்துக்கொள்ளும். ஆகவே, கெண்டையை விற்பனைக்கும் பொடிமீனை வீட்டுக்கும் என வகுத்துக்கொள்ளுங்கள். பொடிமீன் குளத்திலேயே தானாக இனம்பெருக்குவதால், ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தால்தான் குளத்தில் நெரிசல் ஏற்படாது. சிறுகண் வலையில் சிக்கும் கெண்டைக் குஞ்சுகளை உடனே நீரில் விட்டுவிட வேண்டும். குளத்தைக் குத்தகைக்கு விடுவதானால், பொடிமீன் பிடிக்கும் உரிமை ஊர்க் குடும்பங்களுக்கே என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரியை விட்டுவிட்டால், ஏழை வீடுகளுக்குக் குளம் எட்டாப் பொருளாகிவிடும்.

கேள்வி: மிஞ்சும் பொடிமீனை மணலில் உலர்த்தி வைக்கிறோம். சீக்கிரமே புழு வைத்துவிடுகிறதே?

பதில்: தரையில் பரப்பினால் ஈரமும் அழுக்கும் ஒட்டிக்கொள்ளும். இடுப்புயரப் பரண் கட்டி, அதன்மேல் வலை விரித்து உலர்த்தினால், காற்று கீழிருந்தும் புகுந்து விரைவில் காயும். ஈ மொய்க்காமல் மேலேயும் நெருக்கமான வலையால் மூடிவையுங்கள். பூச்சிமருந்தை மீனருகே கொண்டுசெல்லவே கூடாது. வெயிலில் காய்ந்தால் வைட்டமின் ஏ பெரும்பாலும் அழிந்துவிடும். சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் நிற்கும். எனவே, கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடிந்தவரை உலர்த்தாத புது மீனையே சமைத்துக் கொடுங்கள்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு பங்கேற்று 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, உலகில் சிறிய அளவிலான மீன்பிடித் தொழிலில் ஈடுபடுவோரில் பத்தில் நால்வர் பெண்கள் என்று காட்டியது. உலர்த்துவதும் விற்பதும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பரண் அமைக்க ஊர்ப் பொதுப்பணம் ஒதுக்குவதானால், இடத்தையும் அளவையும் அவர்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.